'ஒண்ணுமில்லை' என்று சொல்லும் முன்: காரைக்குடி வட்டார டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் கிளினிக் வைத்துப் பொது மருத்துவம் பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்க்கலாம்தான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டி உள்ளே வர எனக்கு மனசு வராது. அதோடு, இதை உங்கள் நோயாளிகளும் படிக்கட்டும் என்று ஓர் ஆசை.

நான் உளவியல் ஆலோசகர். செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டில், முகப்பை ஒட்டிய அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன். என்னிடம் யாரும் நேராக வருவதில்லை. உங்களைப் பார்த்துவிட்டு, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, யாரோ சொன்ன கைராசிக்காரரையும் பார்த்துவிட்டு, பிள்ளையார்பட்டியில் ஒரு வேண்டுதலும் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். கையில் ஒரு பை இருக்கும்.

ஒரு பையைப் பற்றிச் சொல்கிறேன். ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் பை. கொண்டுவந்த ஆச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையை என் மேஜைமேல் கவிழ்த்தார். 14 ஈசிஜி. எக்கோ இரண்டு. தைராய்டு, ரத்த சோகை, சர்க்கரை, எண்டோஸ்கோப்பி, எல்லாம் தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பழைய ஈசிஜிகளில் கோடு வெளுத்துப்போய் வெறும் ரோஸ் கட்டம் மட்டும் மிச்சம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இதுல ஒண்ணுமில்லைன்னாங்க. இதுலயும் ஒண்ணுமில்லைன்னாங்க." கடைசித் தாளையும் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லாமயா நெஞ்சுல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு?"

நீங்கள் டெஸ்ட் எடுத்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். மாரடைப்பு பெண்களுக்குச் சில நேரம் நெஞ்சுவலியே இல்லாமல், வாந்தி, களைப்பு, முதுகுவலி என்று வருவது உங்களுக்குத் தெரியாததா? தைராய்டு ஏறினாலும் படபடக்கும், ரத்தம் குறைந்தாலும் மூச்சு வாங்கும். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஒருவர் முதலில் என்னிடம் வந்தால் நானே உங்களிடம்தான் அனுப்புகிறேன். என் பேச்செல்லாம் டெஸ்ட் முடிந்த பிறகு வரும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி. "உங்களுக்கு ஒண்ணுமில்லைம்மா. எல்லாம் நார்மல். மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். கேட்கிறவர் காதில் அது எப்படி விழுகிறது தெரியுமா? "நீ பொய் சொல்கிறாய்" என்று. கூட வந்த மருமகள் காதில், "அத்தைக்கு வேலையில்லை" என்று. அடுத்த தடவை நெஞ்சு அடைக்கும்போது அவர் வீட்டில் சொல்ல மாட்டார். இல்லாவிட்டால் வேறு டாக்டரிடம் போய் பதினைந்தாவது ஈசிஜி எடுப்பார்.

இந்த ஆச்சிக்கு நடந்தது இது. மூன்று வருஷத்துக்கு முன் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனார். குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பும் நகரத்தார் பாதயாத்திரையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் கொப்புளத்துக்கு மருந்து போட்டு விட்டிருப்பீர்கள். நத்தம் தாண்டி, விடிவதற்கு முன், வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு வேன் வந்தது. ஆச்சிக்கு வலப்பக்கம் ரோட்டை ஒட்டி நடந்த பெண்மணி இறந்துபோனார். இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. "முருகன் காப்பாத்துனான்" என்று எல்லோரும் சொன்னார்கள். இவரும் சொன்னார். காரியம் முடிந்து வந்து, பேத்தி கல்யாணம் நடத்தி, பலகாரம் சுற்றி, எல்லாம் செய்தார். அழவும் இல்லை. எட்டு மாதம் கழித்துத்தான் முதல் ஈசிஜி.

உங்களில் ஒருவர் அவரிடம், "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. "ஒரு கவலையும் இல்லை" என்று பதில் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மைதான். மனசில் இல்லை. தோளில் இருந்தது.

இதைக் கவித்துவத்துக்காகச் சொல்லவில்லை. முதல் நாள் நான் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன். "ஆச்சி, இப்ப உடம்புல எந்த இடம் சும்மா இருக்கு? தொந்தரவே இல்லாத இடம்?" அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எல்லோரும் எங்கே வலிக்குது என்றுதானே கேட்டார்கள். ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம், "உள்ளங்கால்" என்றார். என் அறைத் தரை ஆத்தங்குடிக் கல். சித்திரையிலும் குளுகுளுவென்று இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருவார்கள். "கால் குளுகுளுங்குது" என்றார். சரி, அங்கேயே கொஞ்ச நேரம் இருப்போம் என்றேன். அன்றைக்கு அவ்வளவுதான். காசு வாங்கக் கூச்சமாக இருந்தது, வாங்கினேன்.

நாலாவது தடவை பேசிக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடைய வலது தோள் காதை நோக்கி ஏறியது. தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. மூச்சு நின்றது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. பேத்தியின் வளைகாப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். தோள் ஏறியது அவருக்கே தெரியாது. மெதுவாகச் சொன்னேன். தொட்டுப் பார்த்தார். "ஆமா... இது எப்பவும் இப்படித்தான் இருக்கோ?" தோளை இறக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை அப்படியே விட்டு, காலில் குளுமை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. மறுபடி தோளுக்கு வந்தோம். மறுபடி காலுக்கு. இப்படிப் போய்ப் போய் வந்ததில், "அந்தக் கை ஏதாவது செய்யணும்னு பாக்குதா?" என்று கேட்டேன். வலது கை மடியிலிருந்து எழுந்தது. விரல்கள் எதையோ பற்றின. பற்றித் தன் பக்கம் இழுத்தன. மிக மெதுவாக. மூன்று தடவை.

பக்கத்தில் நடந்தவரின் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்த கை அது. அன்றைக்கு நேரம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு உடம்பு நடுங்கியது. நான் பயப்படாமல் இருந்ததால் அவரும் பயப்படவில்லை. கொட்டாவி வந்தது, ஒன்றல்ல, நாலைந்து. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் அவர் சொன்னதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. "பசிக்குது. இப்படிப் பசிச்சு எத்தனை நாளாச்சு!"

என்ன நடந்தது என்பதை அவராக உட்கார்ந்து முழுசாகச் சொன்னது இதற்கும் ஆறு வாரம் கழித்துத்தான்.

இது மந்திரம் இல்லை. உடலுணர்வைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. சிகாகோவில் யூஜின் ஜென்ட்லின் என்பவர் உளசிகிச்சை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, யாருக்குக் குணமாகிறது என்பதில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். குணமாகிறவர்கள் சரளமாகப் பேசுவதில்லை. நடுவில் நின்று, உள்ளே எதையோ தொட்டுப் பார்த்து, "இல்ல, கோபம் இல்ல, அது வேற மாதிரி..." என்று தடுமாறுகிறார்கள். 1970-களிலிருந்து பீட்டர் லெவின் என்பவர் மன அதிர்ச்சிக்கென்றே உடலுணர்வை வைத்து ஒரு முறையை வளர்த்தார். பாட் ஓக்டன் இன்னொன்றை. அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்புக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வைத்த பிடிஎஸ்டி என்ற பெயரைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்ததே 1980-இல்தான். அதற்கு முன்பு பட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் இருக்கவில்லை.

என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, இருக்கவில்லை. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவருக்கு ஒன்பது வயது. அப்பச்சி வைத்திருந்த கடையும் கணக்கும் அங்கேயே போக, உயிரோடு ஊர் வந்து சேர்ந்த குடும்பம். பர்மா தேக்குத் தூண் நிற்கும் வளவில் உட்கார்ந்து அந்தக் கதையை யாருக்கும் அவர் சொன்னதில்லை. ஆனால் வானத்தில் சத்தம் கேட்டால் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொள்வார். முறுக்குச் சுற்றும் கையோடு, மாவு ஒட்டிய கையோடு. சத்தம் போனதும் வந்து மறுபடி சுற்றுவார். வீட்டில் யாருக்கும் அது வியாதியாகத் தெரியவில்லை. "ஆயாவுக்கு ஏரோப்ளேன் ஆகாது" என்பார்கள், கத்தரிக்காய் ஆகாது என்கிற மாதிரி. இந்த ஊர்களில் பெரிய வீடு ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு 'ஆகாது' இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, உடம்பில் என்ன நடக்கிறது? உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபத்து வந்தால் அடிமூளை நம்மைக் கேட்காமலே முடிவெடுக்கும். அடி, ஓடு, இரண்டும் முடியாதென்றால் உறைந்து நில். இதயம் அடிக்கும், குடல் நிற்கும், தசை இறுகும். ஆபத்து போனதும் இறங்க வேண்டும். சிலருக்கு இறங்குவதில்லை. வேன் போய் மூன்று வருஷமாகியும் தோள் வேனுக்காகக் காத்திருக்கிறது. மூளை உடம்புக்கு உத்தரவு போடுகிறது என்று படித்திருக்கிறோம். ஆனால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பில் சுமார் 80 சதவீத இழைகள் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. நெஞ்சும் வயிறும் "ஆபத்து, ஆபத்து" என்று மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும்போது, மேலிருந்து நாம் "கவலைப்படாதே" என்று சொல்வது எவ்வளவு தூரம் எடுபடும்?

பேச்சு அங்கே ஏன் தடுக்குகிறது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. 1996-இல் ஓர் ஆய்வில், பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு அவர்களுடைய அனுபவத்தையே எழுதிப் படித்துக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். பயத்தோடு தொடர்புள்ள பகுதிகளில் ரத்த ஓட்டம் கூடியது; பேச்சுக்கான ப்ரோக்கா பகுதியில் குறைந்தது. எட்டே பேர்தான், அதனால் பெரிதாகக் கொண்டாட வேண்டாம். ஆனால் "சொல்லுங்கம்மா, என்ன நடந்துச்சு" என்று கேட்டு, பதில் வராமல், அழுத்தக்காரி என்று நாம் முடிவுகட்டிய முகங்கள் எனக்கு அதைப் படித்தபோது நினைவுக்கு வந்தன.

நம் ஆட்கள் இதை ஏற்கெனவே சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பது வேறு கதை. உங்கள் ஓபியில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டால் போதும். ஈரக்கொலை நடுங்குது. வயித்தப் புரட்டுது. மேலு கூசுது. அடிவயிறு பகீர்ங்குது. கை கால் வெலவெலத்துப் போச்சு. தொண்டையில என்னமோ உருண்டு நிக்குது. இடம், தன்மை, அசைவு, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். வெளிநாட்டில் இந்தச் சிகிச்சையில் பாதி நேரம், "என் உடம்பில் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பவருக்கு இப்படிச் சொல்லக் கற்றுக்கொடுப்பதற்கே போய்விடுமாம். நம் ஊர் ஆச்சி கற்றுக்கொண்டே வருகிறார். நாம் அதைச் சீட்டில் 'ஃபங்ஷனல்', அதாவது உறுப்பில் கோளாறு இல்லை, என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

இனி என்னுடைய தப்பு ஒன்று. புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்த தம்பி வந்தார். நெல் அவிக்கும் இடத்தில் நடந்த விபத்தில் கூட வேலை பார்த்தவரைக் கண் முன்னே இழந்தவர். அப்போது நான் தொழிலுக்குப் புதிது. "கண்ணை மூடிக்கிட்டு, மூச்சை நல்லா ஆழமா இழுங்க" என்றேன். இரண்டாவது மூச்சில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்குப் போய்விட்டார். மூன்று வாரம் வரவில்லை. வந்தபோது சொன்னார்: "மூச்சு இழுத்தா ஆவி வாடை வருதுக்கா." கண்ணை மூடினால் அந்த இடம். மூச்சை இழுத்தால் அந்த நாற்றம். நான் அமைதிக்கு வழி காட்டுவதாக நினைத்துக்கொண்டு அவரை பாய்லர் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

ஆகவே டாக்டர், டென்ஷனாக இருக்கிறவர் எல்லோரிடமும் "யோகா பண்ணுங்க, பிராணாயாமம் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்புகிறோமே, கொஞ்சம் யோசித்துச் சொல்லலாம். யோகாவை நான் குறை சொல்லவில்லை. மற்ற சிகிச்சைகளில் சரியாகாத 64 பெண்களை வைத்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பத்து வாரம் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பிடிஎஸ்டி வரையறைக்கு வெளியே வந்தார்கள். யோகா இல்லாத குழுவில் 21 சதவீதம். ஆனால் அது அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கென்றே வடிவமைத்த வகுப்பு. அந்த மாதிரி வகுப்பில் கண்ணை மூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; உங்கள் தெரு யோகா வகுப்பில் இருக்கலாம். அதுதான் வித்தியாசம். அந்தத் தம்பியோடு பிற்பாடு நான் வேலை செய்தது, கண்ணைத் திறந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இரண்டு கையாலும் சுவரைத் தள்ளி. சுவர் நகராது. அது நகராதது அவருக்குப் பிடித்திருந்தது.

இதை எல்லாம் படித்துவிட்டு, சான்று எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் தந்த வழிகாட்டுதலில் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைத்தது அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை-நடத்தை சிகிச்சையும், கண்ணை அசைக்கவைத்து நினைவுகளைக் கையாளும் ஈஎம்டிஆரும். உடலுணர்வு முறைகளுக்கான சான்று அவ்வளவு திடமாக இன்னும் இல்லை. லெவின் முறையைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த முதல் ஆய்வு 2017-இல்தான் வந்தது. இஸ்ரேலில், 63 பேர், வாரம் ஒன்றாகப் பதினைந்து அமர்வு. பலன் நன்றாகவே இருந்தது, ஆனால் ஒப்பிட்டது சிகிச்சை இன்னும் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு. 2004 சுனாமிக்குப் பிறகு நம் தென்னிந்தியக் கடற்கரை கிராமங்களில் 150 பேருக்கு இந்த வகைச் சிகிச்சை கொடுத்துப் பின்தொடர்ந்து, 2008-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் தேறினார்கள். ஆனால் ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. காலம் போனாலே தேறியிருப்பார்களோ என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. காட்டு மிருகங்கள் உடம்பை உதறிவிட்டுப் போய்விடும், அதனால் அவற்றுக்கு அதிர்ச்சி தங்காது என்ற கதையும், வேகஸ் நரம்பை வைத்துப் பின்னப்பட்ட சில கோட்பாடுகளும் மேடையில் நன்றாக எடுபடும். உடலியல் அறிஞர்கள் அவற்றில் பலவற்றை ஒப்புக்கொள்வதில்லை. நானும் அவற்றை என் அறையில் சொல்வதில்லை.

அப்படியென்றால் ஏன் இதைச் செய்கிறேன்? பரிந்துரைத்த சிகிச்சைக்குள் வர முடியாதவர்களை உள்ளே கொண்டுவர இது உதவுகிறது என்பதால். நடந்ததை நேருக்கு நேர் பேச வேண்டுமென்றால், பேசும்போது மூச்சு நின்றுவிடாத அளவுக்காவது உடம்பில் பிடிமானம் வேண்டும். ஆச்சிக்கு உள்ளங்கால் இல்லாமல் நத்தம் ரோட்டுக்கு நான் போயிருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள். உடலுணர்வு என்ற பெயரில் தொட்டுச் சிகிச்சை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு பயிற்சி முடித்து சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். நான் தொடுவதில்லை. அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பலருக்கு, அவர்களைக் கேட்காமல் ஒருவர் தொட்டதுதான் அதிர்ச்சியே. நீங்கள் ஒருவரிடம் அனுப்பும்போது, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார், தொடுவாரா, கேட்டுத் தொடுவாரா என்று ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள். என்னையும் கேளுங்கள்.

உங்கள் பக்கம் நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலத்துக்கு எண்பது டோக்கன் பார்க்கிறவரிடம் 45 நிமிஷ சிகிச்சையை யாரும் கேட்க முடியாது. நான் கேட்பதெல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கும்.

அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். "ஒண்ணுமில்லை" என்பதற்குப் பதிலாக, "இதயத்துல கோளாறு இல்ல, அது நல்ல சேதி. ஆனா உங்க நெஞ்சு அடைக்கிறது நிஜம். பயந்த உடம்பு சில நேரம் இப்படிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். 'பயந்த கோளாறு' என்ற சொல் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. வேப்பிலை அடித்து, திருநீறு போட்டு, பயந்த பிள்ளையைத் தண்ணீர் குடிக்க வைத்த கிழவிகளிடமிருந்து வந்த சொல். அதைச் சொன்னால் யாரும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று சண்டைக்கு வருவதில்லை. 'மனநலம்' என்று ஆரம்பித்தால் வருகிறார்கள்.

அப்புறம், "இது எப்ப ஆரம்பிச்சுச்சு? அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் ஏதாவது நடந்துச்சா?" என்று கேளுங்கள். பதில் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் தோண்ட வேண்டாம். விபத்து நடந்த சூட்டில் ஆளை உட்காரவைத்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வதால் நன்மை இல்லை என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. உங்கள் கண் முன்னால் ஒருவர் படபடத்துப்போனால், ஆழமாக மூச்சு விடச் சொல்வதற்கு முன் அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு எங்கே, ஃபேன் எங்கே, காலண்டரில் என்ன படம். கால் தரையில் இருக்கிறதா, தரை சூடா குளிர்ச்சியா. இதற்குப் பயிற்சி தேவையில்லை. உங்கள் நர்ஸ் செய்யலாம், டோக்கன் கொடுக்கும் பையன் செய்யலாம்.

மாத்திரை விஷயத்தில் உங்களுக்குச் சொல்ல நான் யார். ஆனாலும் சொல்கிறேன். அந்த மஞ்சள் பையில் சீட்டுகளோடு, பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் மாத்திரை அட்டைகளும் இருந்தன, பாதி பாதி தின்றதாக. விபத்து நடந்த முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளுக்கு இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்பது அதே 2013 உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் உள்ள வரி. தூக்கம் வரட்டும் என்ற இரக்கத்தில்தான் எழுதுகிறீர்கள். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே மறுபடி மறுபடி வாங்குகிறார்கள். பிறகு அதை நிறுத்த உங்களிடமும் வர மாட்டார்கள், என்னிடமும் வர மாட்டார்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அதற்கு டாக்டர் மேற்பார்வை வேண்டும். படிக்கும் ஆச்சிமார், அண்ணன்மார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே அனுப்புவது? என்னிடமே அனுப்புங்கள் என்று விளம்பரம் செய்யவில்லை. என் நோட்டு நிறைந்துதான் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவி இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து. 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், காசில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அரசு மனநலச் சேவை ஒவ்வொருவருக்கும் உரிமை. இதெல்லாம் பத்தாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று யோசியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்டுகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தோள் ஏறி நிற்பதை முதலில் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். வலிக்கு மசாஜும் பயிற்சியும் கொடுக்கிறவர்களுக்கு, "இந்தத் தோள் எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்கவும், கேட்டபின் யாரிடம் அனுப்புவது என்றும் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தால் போதும். அதை யார் சொல்லிக் கொடுப்பது என்றால், நான் வருகிறேன், கூலி வேண்டாம். நீங்கள் டாக்டர்கள் நாலு பேர் சேர்ந்து சுகாதாரத் துறையிடம் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். நான் தனியாகப் போய்ச் சொன்னால் உட்காரச் சொல்வார்கள், டீ கொடுப்பார்கள்.

ஆச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஐந்து மாதம் வந்தார். முதலில் தூக்கம் வந்தது. அப்புறம் பசி நிலைத்தது. நெஞ்சில் அம்மிக்கல் முழுசாகப் போகவில்லை. "குழவி மட்டும் இருக்கு" என்கிறார். விடிகாலையில் ஊரணிக்கரைவரை நடக்கிறார், ரோட்டுக்கு இடப்பக்கம் இல்லாமல் வண்டி எதிரே வருவது தெரியும்படி வலப்பக்கமாக. பழனிக்கு இந்த வருஷமும் நடக்கவில்லை. வற்புறுத்துகிறவர்களிடம், "பஸ்ல போனா முருகன் வேணாம்பானா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார். ஈசிஜி எப்போது எடுக்க வேண்டும் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். உங்களில் ஒருவரிடம்தான் வருவார்.

உங்கள் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்தால் வந்து பேசுகிறேன், கேள்வி கேட்டு மடக்கினாலும் சரி. அதைவிட நீங்கள் ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்ப்பது மேல். செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் அறையில் ஆள் இருக்காது. செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஓர் உளவியல் ஆலோசகர்